அன்றைக்கே சொல்லியிருக்கலாம்

பழனி அடிவாரத்தில் பெரியம்மா வீடு எந்நேரமும் ஆட்களால் நிறைந்திருக்கும். முன்பக்கம் பூஜைச் சாமான் கடை. நடுவில் குடும்பம். பின்பக்கம் முடிகாணிக்கைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகள். தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்துவிட்டால் கூடத்தில்கூடக் கால் நீட்ட இடமிருக்காது. யாரோ பெற்ற பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் என் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும். அத்தனை ஜனங்களுக்கு நடுவிலும் ஒரு பிள்ளை தனியாக இருக்க முடியும் என்பது எனக்கு ஒன்பது வயதில் அந்த வீட்டில்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் பூண்டி. கொடைக்கானலையும் தாண்டி மேல்மலையில் இருக்கிறது. ஐம்பதுகளில் அங்கே பஸ் கிடையாது. வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு எல்லாம் மட்டக்குதிரைகளின் முதுகில்தான் கீழே இறங்கும். ஊரிலிருந்த ஓராசிரியர் பள்ளி மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அப்பாவுக்கு என்னை மேலே படிக்கவைக்க ஆசை. அம்மாவின் அக்கா பழனியில் வாக்கப்பட்டிருந்தாள். "எங்கிட்ட அனுப்பு. பள்ளிக்கூடத்துலயும் சேத்துவிடுறேன், எனக்கும் ஒரு கைத்துணையாச்சு" என்று பெரியம்மா சொன்னாள். அவளுக்கு ஒரே பெண், மூன்று வயதுப் பாப்பா. அப்பா என்னைக் குதிரைக்காரர்களோடு மலைப்பாதையில் நடத்திக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் பெரியப்பாவின் தம்பி ஒருவர் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. விடியற்காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மலையேறி சாமி பார்த்துவிட்டு வந்துதான் கடையைத் திறப்பார். வெளியூர் ஜனங்களுக்கு வழி சொல்வது, தொலைந்த பிள்ளைகளைத் தேடிக் கொடுப்பது, வயதானவர்களைக் கையைப் பிடித்துப் படியேற்றிவிடுவது எல்லாம் அவர்தான். தெருவே அவரை மெச்சும். முறைக்கு எனக்குச் சித்தப்பா. அப்படித்தான் கூப்பிட்டேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவராகவே ஏற்றுக்கொண்டார். வெல்லமும் வாழைப்பழத் தார்களும் அடுக்கிவைத்த பின்கட்டு அறையில் சத்தமில்லாமல் படிக்கலாம் என்றார். பெரியம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த அறையில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஒரு பெரிய ஆள் ஒரு குழந்தையிடம் எதைச் செய்யக்கூடாதோ அதைச் செய்தார். ஒரு நாளோடு அது நிற்கவில்லை. அவ்வளவு சொன்னால் போதும். அவர் என்னை அடித்ததில்லை, மிரட்டியதும் இல்லை. கற்கண்டு கொடுப்பார். "இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா உன்னைய மலைக்கே அனுப்பிருவாங்க. உங்கப்பா எவ்வளவு ஆசையா கொண்டாந்து விட்டாரு, மனசு ஒடஞ்சு போயிருவாரு" என்பார். மலைக்கு அனுப்பினால் நல்லது என்றுதான் எனக்கு இருந்தது. அப்பாவின் மனசு உடைந்துபோகும் என்றதுதான் என் வாயைக் கட்டியது.

ஒரே ஒரு முறை சொல்லிப்பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பந்தி. பெரியப்பா, சித்தப்பா, கடையாட்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் என்னிடம் குனிந்தபோது மெதுவாகச் சொன்னேன்.

"பெரியம்மா, இனிமே நான் சித்தப்பாகிட்ட கணக்குப் படிக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"எனக்குப் புடிக்கல."

பெரியம்மா நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கணக்கு யாருக்குத்தான் புடிக்கும்?" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். "கழுதை, பெருக்கல் வந்ததும் பயந்துருச்சு" என்று சொல்லி என் இலையில் அப்பளத்தை எடுத்துவைத்தார். நான் அந்த அப்பளத்தைத் தின்றேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

பாயில் மூத்திரம் போக ஆரம்பித்தேன். பெரியம்மா ஈரப் பாயை எல்லோரும் பார்க்க முற்றத்தில் காயப்போட்டாள். பஞ்சாமிர்தத்தின் வாசம் வந்தாலே எனக்குக் குமட்டும். கையில் வாங்கிய பிரசாதத்தைத் துப்பிவிட்டேன் என்று வாயிலேயே ஓர் அடி விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த பிள்ளைகளோடு பேச்சு குறைந்துபோயிற்று. "புள்ள எங்கயோ பயந்திருக்கு" என்று மந்திரிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டினார்கள். பயந்திருக்கிறேன் என்பதை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். எதைப் பார்த்து என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கோடை விடுமுறைக்கு அப்பா வந்து அழைத்துப்போனார். பாதை நெடுக அவர் முன்னால் நடக்க, குதிரைகளின் மணிச் சத்தத்துக்குப் பின்னால் நான் நடந்தேன். ஓர் ஓடையில் தண்ணீர் குடிக்க நின்றபோது, "படிப்பெல்லாம் எப்படி ஆத்தா போகுது?" என்று கேட்டார்.

"நல்லா போகுதுப்பா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு ஓடைத் தண்ணீரில் முகம் கழுவினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு எட்டு இருந்திருக்கும். அந்த இரண்டு எட்டைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

விடுமுறை முடிந்ததும் போகமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. அம்மா விளக்குமாற்றால் அடித்தாள். "உங்கப்பா பேர்ல பாதி ஊருக்குப் பொறாமை, பொண்ணைப் பட்டணத்துல படிக்கவைக்கிறாருன்னு. நீ இப்படி மண்ணை அள்ளிப் போடுறியே." கிளம்ப வேண்டிய காலையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா சலித்துப்போய், "இந்த வருஷம் கெடக்கட்டும்" என்றுவிட்டார். அதற்கப்புறம் அவர் என் படிப்பைப் பற்றிப் பேசவில்லை. என்னோடும் அதிகம் பேசவில்லை.

அடுக்கு வயல்களுக்கு மேலே உருளைக்கிழங்குக் காட்டுக்குக் காவலாக ஒரு பரண் இருந்தது. பகலில் அங்கே உட்கார்ந்து பன்றி, பறவை வராமல் பார்த்துக்கொள்வது என் சோலியானது. யாரும் சொல்லாமலே அதை எடுத்துக்கொண்டேன். பரணில் இருந்தால் நாலு பக்கமும் தெரியும். எனக்குத் தெரியாமல் யாரும் என்னை நெருங்க முடியாது. ஆனால் மேகம் இறங்கிவிட்டால் எதுவும் தெரியாது. அப்போது முழங்காலைக் கட்டிக்கொண்டு, கம்பளியைத் தலையோடு போர்த்தி, மூச்சுச் சத்தம்கூட வராமல் இருப்பேன். மேகம் கலைய மத்தியானம் ஆகும். மழைக்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று. ஊர்ப் பிள்ளைகள் என்னை "பழனிக்காரி" என்று கேலி செய்தார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. மதினி பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். பதினேழு வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. சத்தமாகச் சிரிப்பாள், அதற்கு அம்மாவிடம் திட்டு வாங்குவாள்.

வந்த புதிதில் ஒரு காலை எனக்குப் பின்னால் வந்து, செல்லமாகப் பின்னலைப் பிடித்து இழுத்தாள். நான் போட்ட அலறலில் அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். என் கையிலிருந்த சீப்பு மதினியின் நெற்றியில் பட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. அம்மா கையை ஓங்கினாள்.

"விடுங்கத்தை. என் மேலதான் தப்பு. சொல்லாமக் கொள்ளாமத் தொட்டுட்டேன்" என்றாள் மதினி. பிறகு சுற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இனிமே கேட்டுட்டுத்தான் தொடுவேன். சரியா?"

அதைச் சும்மா சொல்லவில்லை. தினமும் காலையில், "தல சீவி விடட்டுமா?" என்று கேட்பாள். நான் வேண்டாம் என்றால், "சரி" என்று சீப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். முகம் சுளிப்பதில்லை, ஏன் என்று கேட்பதில்லை. நான் வேண்டாம் என்று சொல்லி ஒரு காரியம் நின்றது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. வேண்டுமென்றே சில நாட்கள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது நின்றது. அப்புறம் ஒருநாள் சீவிவிடச் சொன்னேன்.

பல வருஷம் கழித்து, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது மதினி?" என்று கேட்டிருக்கிறேன். "எனக்கு என்ன தெரியும்? ஒரு பொட்டப்புள்ள இன்னொரு பொட்டப்புள்ளையப் பாத்து அப்படிப் பயப்படுதேன்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்" என்றாள்.

ஐப்பசி மழை. விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தோம். பூண்டுக் கட்டுகளை அடுப்புப் புகை படும்படி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். அவற்றை இறக்கி, விதைக்காகப் பல் பல்லாகப் பிரிக்க வேண்டும். அம்மாவும் ஆண்களும் காட்டில் இருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான். மதினி கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பழனியில உனக்குப் புடிக்காத ஆளு யாரு?"

பழனியில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதில் எனக்கு மனப்பாடம். யார் என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சித்தப்பா."

அவள் கை ஒரு கணம் நின்று, திரும்பப் பூண்டை உடைத்தது.

"அடிப்பாரா?"

"இல்ல."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மதினி இன்னொரு பூண்டை எடுத்தாள். "சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

சொன்னேன். அதற்கான வார்த்தைகள் பத்து வயதுப் பிள்ளையிடம் கிடையாது. பாதி வார்த்தையும் பாதி கையுமாகச் சொன்னேன். அவளைப் பார்க்காமல் பூண்டுப் பல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் எனக்கு உதறல் எடுத்தது. மதினி எழுந்துபோய்க் கம்பளியை எடுத்து வந்து நீட்டினாள். நானே போர்த்திக்கொண்டேன்.

"நீ ஒன்னும் பண்ணல புள்ள. அவன் பண்ணியிருக்கான்."

அவன். அந்த ஆளை எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை 'அவர்' என்றில்லாமல் பேசியது கிடையாது. எனக்குள்கூட அவர் 'அவர்'தான். படிக்காத ஒரு பதினேழு வயதுப் பெண் ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னதும் நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நான் கற்கண்டு வாங்கித் தின்னேன் மதினி."

"புள்ளைக கற்கண்டு திங்கத்தான் செய்யும். அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

அப்போதுதான் அழுதேன். அழுது முடித்தபிறகு, பரணில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த இன்னொன்றையும் சொன்னேன். "பாப்பா அங்கதான் இருக்கா. அவளுக்கும் நாலு வயசாயிருச்சு."

மதினி பூண்டுக் கூடையைத் தள்ளி வைத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவைக் கேரட் கழுவும் ஓடைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். என்னையும் வரச் சொன்னாள். "உனக்குத் தெரியாம உன்னையப் பத்திப் பேச மாட்டேன்" என்றாள். அம்மா கேட்டுக்கொண்டே தண்ணீரில் கையை வைத்தபடி இருந்தாள். கேரட் ஒன்று நழுவி ஓடையில் போயிற்று. பிடிக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்டி சத்தம் போடல? வீடு நெறைய ஆளு இருக்காகல்ல, ஒரு சத்தம் போட்டிருந்தா…"

மதினி குறுக்கே பாய்ந்தாள். "அத்தை, அதை மட்டும் அவகிட்டக் கேக்காதீக."

கல்யாணமாகி வந்து மூன்று மாதமாகாத மருமகள் மாமியாரிடம் அப்படிப் பேசுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கேள்வி வந்துவிட்டது. அதை நான் என்னையே வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை எங்கே யாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடும்? கூப்பிட்டால் ஓடிவருகிற ஆளே அந்த ஆளாக இருந்தால்? எனக்குச் சத்தம் வரவில்லை. உடம்பு கட்டையாகப் போய்விட்டது. அதுதான் பதில். அந்தப் பதிலில் குற்றம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ள இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. "அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்லையாம். வெள்ளனே கெளம்புறேன், மருமகளையும் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். இருவரும் குதிரைக்காரர்களோடு மலையிறங்கினார்கள். அவர்கள் திரும்பும்வரை நான்தான் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கஞ்சி காய்ச்சினேன். அப்பா சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைப்பேன். பழனியில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ என்று நினைப்பேன். என்னைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் நான் மட்டும் அங்கே இல்லை. பரணில் உட்கார்ந்தால் கீழே மேகம்தான் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அம்மா படுத்துவிட்டாள். மதினிதான் சொன்னாள். அம்மா தணிந்த குரலில்தான் ஆரம்பித்தாளாம். பெரியம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாளாம். தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் வீட்டு மேலேயே சாணி அடிக்கிறாளா? மலைக்காட்டுல வளந்த கழுதைக்கு என் கொழுந்தன் பேரைச் சொல்ல என்ன தெகிரியம்? இனி இந்த வாசப்படி மிதிக்காதீக" என்று கத்தினாளாம். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருவரும் திரும்பியிருக்கிறார்கள்.

"அவுக நம்பலையா மதினி?"

"நான் நம்புறேன். உங்கம்மாவும் நம்புது."

அம்மா நம்பினாளோ என்னவோ, அதற்கப்புறம் நெடுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூடப்பிறந்த ஒரே அக்காவை அவள் அன்று இழந்திருந்தாள். அது எனக்கு அந்த வயதில் புரியவில்லை. என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னபிறகும் தனிமை போகாது என்பது சொல்லும்வரை எனக்குத் தெரியாது. இரவில் மதினி பாயை என் பாய்க்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரு கை தள்ளிப் படுப்பாள். அண்ணன் முணுமுணுத்தான். "கொஞ்ச நாளைக்கு" என்றாள் அவள். அந்தக் கொஞ்ச நாள் குளிர்காலம் முடியும்வரை நீண்டது.

தைப்பூசக் கூட்டம் வடிந்த சமயம், கீழேயிருந்து ஏறிவந்த குதிரைக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். பூண்டுச் சாக்கு கொண்டுபோன குதிரையின் மேல் துணி மூட்டையோடு பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"பழனி அம்மா அனுப்புச்சு. புள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குதாம். மலைக் காத்து ஒத்துக்கும்னு சொல்லுச்சு. கொஞ்ச காலம் இங்கனயே இருக்கட்டுமாம்."

அம்மா வாசலில் நின்று அந்தக் குழந்தையைப் பார்த்தாள். மார்கழிப் பனி விடாத மேல்மலைக்கு ஒரு பிள்ளையைச் சளிக்காக யார் அனுப்புவார்கள்? "சளிக்கு மலைக் காத்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். பிறகு போய்ப் பாப்பாவைக் குதிரையிலிருந்து இறக்கினாள். வேறு செய்தி ஏதாவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார் குதிரைக்காரர்.

பாப்பா என் பக்கத்தில்தான் படுத்தாள். அவளிடம் எதையும் கேட்க எனக்குப் பயம். மதினி எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். எதிரே உட்கார்ந்து, "தல சீவட்டுமா?" என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் மண்டையை என் மடியில் நீட்டினாள். பயம் எதுவும் தெரியாத தலை. ஒருநாள் அவளாகவே பேச்சுவாக்கில் சொன்னாள்: "சித்தி வந்து சண்டை போட்டுட்டுப் போச்சுல்ல, அதுக்கப்புறம் அம்மா என்னைய எங்கயும் தனியா விடல. கடைக்குக்கூட இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே போகும். நான் பெரிய புள்ளைன்னாலும் எறக்கி விடாது."

எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு அடியிலேயே ஒரு வலியும் வந்தது. பாப்பாவை ஒருத்தி இடுப்பிலிருந்து இறக்காமல் பாதுகாத்திருக்கிறாள். என்னை ஏன் யாரும் காக்கவில்லை? நான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். பொறாமைப்பட்டுக்கொண்டே அவளுக்குச் சோறு ஊட்டினேன்.

பெரியம்மா வரவேயில்லை. வருஷம் தவறாமல் பாப்பாவுக்குப் பாவாடைத் துணி மட்டும் குதிரையில் வரும். பாப்பா எங்கள் பெண்ணாகவே வளர்ந்தாள்.

நான் இரண்டு வருஷம் தாமதமாகத் திரும்பப் படிக்கப் போனேன். இந்த முறை கொடைக்கானலில் ஒரு பெண்கள் விடுதி. மதினிதான் அப்பாவிடம் பேசி முடித்தாள். விடுதியில் கதவைப் பார்த்தபடி இருக்கும் கட்டில்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். கூடப் படித்த பெண்கள் விளக்கணைத்ததும் கல்யாணம், மாப்பிள்ளை என்று கிசுகிசுத்துச் சிரிப்பார்கள். நான் தூங்குவதுபோலக் கிடப்பேன். ஏரிக்கரையில் ஜோடி ஜோடியாக நடப்பார்கள். நான் ஒரு பக்கமாக நடப்பேன். என்னைப் போல இன்னொருத்தி அந்த விடுதியிலேயே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அன்று உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அதைப் பேசுவதற்கு ஒரு சொல்கூட எங்களிடம் இல்லாத காலம் அது.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தபின் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்குச் செண்பகனூரில் ரோட்டோரமாகக் காய்கறிக் கடை. மதினியிடம் போய், "அவர்கிட்டச் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். அது உன்னோடது. அவருக்கு நீ பட்ட கடன் இல்ல" என்றாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் வரை சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாதாரணமாக எனக்குப் பின்னால் வந்து தோளில் கை வைத்தார். கையிலிருந்த பால் சட்டி கீழே விழுந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் பயந்துவிட்டார். அன்றைக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கடையில் உட்கார்ந்துகொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் என்ன செய்யணும்?"

இப்படி ஒரு கேள்விக்கு நான் தயாராக இல்லை. யோசித்து, "பின்னாடி இருந்து வராதீங்க. வந்தா குரல் குடுத்துட்டு வாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டே வருவார். கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு ஆஸ்துமா என்று நினைத்தார்கள். சில நாட்களில் அதுவும் போதாது. கூட இருக்கிற மனுஷன் நல்லவர் என்று தெரிந்தே அவரிடமிருந்து விலகிப்போய்ப் பின்வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அவர் அதைக் கேள்வி கேட்பதில்லை. நானாக எழுந்து வருவேன்.

அறுபதுகள் முடிகிற சமயம் எனக்குப் பெண் பிறந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு மத்தியானம் டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு வயதான அம்மாள் இறங்கி, கடையில் விசாரித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சேலை. பெரியப்பா இறந்திருந்தார். அந்தச் சேதி எங்களுக்கு வந்திருந்தது, பாப்பாவை மட்டும் அனுப்பிவைத்தோம், நாங்கள் போகவில்லை. பெரியம்மா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன். குடித்தாள். பிள்ளையைப் பார்த்தாள். வெகுநேரம் மலைக் குளிரைப் பற்றியே பேசினாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மா வந்து சொன்னா பாரு, அன்னைக்கே எனக்குத் தெரியும்டி. பொய்யில்லன்னு."

நான் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"பந்தியில நீ சொன்னது அவ பேசப் பேச ஞாபகம் வந்துச்சு. கணக்கு யாருக்குப் புடிக்கும்னு நான் சிரிச்சது. அதான் அப்படிக் கத்துனேன்."

"தெரிஞ்சுமா விரட்டுனீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? உங்க பெரியப்பாகிட்டச் சொன்னா தம்பியவா வெரட்டுவாரு? என்னையத்தான் வெரட்டுவாரு. நான் எங்க போவேன்? புள்ளைய அனுப்ப முடிஞ்சது, அனுப்புனேன். அதுக்கு அவரு என்னைய அடிச்சாரு. அப்பயும் வாயத் தொறக்கல. அந்தாளை உடுமலைப் பக்கம் தனிக்கடை வச்சுக் குடுத்து அனுப்புற வரைக்கும் நான் ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல."

"அவனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு. ரெண்டு புள்ளைக."

"பொண்ணா?"

பெரியம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். அந்தப் பிள்ளைகளுக்காக யாரிடம் போய் என்ன சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அந்த நினைப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு ஒரு முடிவும் நான் கண்டதில்லை.

"பெரியம்மா, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு?"

"நம்புறேன்னு. துணி அனுப்புனீங்கல்ல வருஷா வருஷம், அந்தக் குதிரைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். நீங்க நம்பலைன்னு நெனச்சுத்தான் நான் வளந்தேன். அம்மாகூட என் மூஞ்சியப் பாக்கல. நான்தான் குடும்பத்தைப் பிரிச்சேன்னு நெனச்சேன்."

"சொன்னா என்ன மாறியிருக்கும்?"

"நடந்தது மாறாது. நான் மாறியிருப்பேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிள்ளை அழுதது. நான் எடுத்துப் பால் கொடுத்தேன். அவள் கிளம்புகிற நேரத்துக்குப் பஸ் வரை என் வீட்டுக்காரர் துணைக்குப் போனார்.

அதற்கப்புறம் பெரியம்மா அடிக்கடி வந்தாள். ஒரு தடவை அம்மாவும் பூண்டியிலிருந்து வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஆளுக்கொரு சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பிறகு அம்மா, "காது தோடு எங்க?" என்று கேட்டாள். பெரியம்மா, "அவரு போனப்புறம் எதுக்கு" என்றாள். அதிலிருந்து பேச்சு தொடங்கிவிட்டது. சின்ன வயதில் எந்த ஓடையில் மீன் பிடித்தார்கள், யார் யாரைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள் என்றெல்லாம் போயிற்று. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீயும் வந்து ஒக்காரு" என்றாள் அம்மா. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர்கள் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.